தம்பியிடம் எடுத்த கருத்துக்கணிப்பு

டார்லிஸ் வெஸ்ட்ஃபாலுக்கு வாய் சும்மா இருக்காது. வம்பு பேசும் வாய் அல்ல, கேள்வி கேட்கும் வாய். எட்டு வயதில், தேவாலயத்தில் ஜெபம் முடிந்து எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு நின்றபோது பாதிரியாரிடம் நேராகப் போய், "எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லிட்டு நீங்க மட்டும் தொறந்து வெச்சிருந்தீங்களே, யாரைப் பாத்தீங்க?" என்று கேட்டாள். "அது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அப்பா ஓட்டோ ஹோஃப்லிங், பண்ணைக்குத் திரும்பும் வழியெல்லாம் வண்டியை ஓட்டிக்கொண்டே சிரித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி வெர்லினுக்கு எதற்கென்று தெரியாது. அப்பா சிரிக்கிறாரே என்று அவனும் சிரித்தான்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக் கிழக்குப் பக்கத்தில், பன்றி வளர்த்த குடும்பம் அது. டார்லிஸ் வளர்ந்து, தானிய லாரி ஓட்டும் கேலனைக் கல்யாணம் செய்துகொண்டு, பெல்ரோஸ் என்ற கல்லூரி ஊரில் குடியேறினாள். விதைச்சோளக் கம்பெனி அலுவலகத்தில் வருஷக்கணக்காக வேலை. கம்பெனியை மூடியபோது அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அப்போதுதான் ஊர்க்கோடியில் இருந்த கருத்துக்கணிப்பு மையத்தில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டாள். டெலிபோனில் கேள்வி கேட்க வேண்டும், அதற்குச் சம்பளம்.

"கேள்வி கேட்டா காசு தர்றாங்களா?" என்றான் கேலன். "அப்ப நம்ம கல்யாணத்துலேர்ந்து எனக்குத்தான் பாக்கி வரணும். அத்தனைக்கும் பதில் சொன்னவன் நான்தானே!"

வேலை பிடித்துப்போயிற்று. வரிசையாகத் தட்டிகள், ஒவ்வொரு தட்டிக்கும் ஒரு நாற்காலி, காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி. டெலிபோன் எண்ணை இயந்திரமே சுழற்றும். எதிரே திரையில் கேள்வி வரும். எழுதியிருப்பதை எழுதியிருப்பது போலவே வாசிக்க வேண்டும். ஒரு சொல் கூடக் கூடாது, குறையவும் கூடாது. எதிராளி மழுப்பினால் இவளாக ஒன்றை ஊகித்துக் குறிக்கக் கூடாது. சொந்தப் பெயரும் சொல்லக் கூடாது. சில பேர் திட்டிவிட்டு வீட்டு விலாசம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஆளுக்கொரு மேசைப் பெயர் உண்டு. டார்லிஸ் அங்கே ஜாய்ஸ்.

அவளுக்கு ஒரே ஒரு கஷ்டம். அந்தக் கேள்விகளில் 'ஏன்' என்பதே கிடையாது. ஒருத்தி, இத்தனை வருஷம் போட்ட கட்சிக்கு இந்த முறை போடப்போவதில்லை என்பாள். ஏன் என்று கேட்க நாக்குத் துடிக்கும். திரையோ அடுத்த கேள்விக்குப் போய்விட்டிருக்கும். வீட்டுக்கு வந்து கேலனிடம், "அவ ஏன் அப்படிச் சொல்லியிருப்பா?" என்பாள். "எவ?" என்பான் கேலன். அதைச் சொல்லக் கூடாது என்பதும் விதி.

அந்த இலையுதிர்காலத்தில் வாஷிங்டனில் இருக்கும் காங்கிரஸ் என்ற நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பும் தேர்தல் வந்தது. அயோவாவுக்கு நான்கு தொகுதி, நான்கு இடம். மையம் நான்கிலும் கணிப்பு எடுத்தது. மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் முதல் தொகுதி. பெல்ரோஸ் இருப்பது இரண்டாவது. தலைநகரமும் அதைச் சுற்றியதும் மூன்றாவது. வடமேற்கில் பன்றிகளும் தேவாலயங்களும் நிறைந்தது நான்காவது. சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து டார்லிஸின் காதுக்குள் மாநிலமே வந்து போயிற்று. மூன்றாவது தொகுதியில் ஒருத்தி வெங்காயம் வதக்கிக்கொண்டே பதில் சொன்னாள். வெங்காயம் அடிப்பிடித்தது டார்லிஸுக்கே கேட்டது. நான்காவதில் ஒருவர் அறுவடை இயந்திரத்தில் உட்கார்ந்தபடி பேசினார். வயல் மூலையில் திரும்பும்போதெல்லாம் "இருங்க" என்பார். முதல் தொகுதிக் கிழவர் ஒருவர் எல்லாக் கேள்விக்கும் "அந்தத் திருட்டுப்பய" என்று மட்டும் சொன்னார். எந்தத் திருட்டுப்பயல் என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை. முக்கால்வாசிப் பேர் எடுத்த உடனே வைத்தார்கள். டெலிவிஷனைத் திறந்தால் வேட்பாளர், தபால்பெட்டியைத் திறந்தால் வேட்பாளர், போனை எடுத்தால் ஜாய்ஸ் என்றால் அவர்களும்தான் என்ன செய்வார்கள்!

அக்டோபர் நடுவில் ஒரு சாயங்காலம் திரையில் நான்காம் தொகுதியின் டெலிபோன் எண் ஒன்று வந்தது.

"வணக்கம், என் பேரு ஜாய்ஸ். வரப்போற தேர்தலைப் பத்தி மாநிலம் முழுக்க ஒரு கருத்துக்கணிப்பு எடுக்கறோம். எதையும் விக்கறதுக்காகக் கூப்பிடலை…"

அந்தப் பக்கம் இரண்டு தரம் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு, "சொல்லுங்க."

டார்லிஸின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. அப்பாவின் செருமல்; அப்பா செத்த பிறகு உலகத்தில் ஒரே ஒருவனிடம்தான் அந்தச் செருமல் மிச்சம் இருந்தது. வெர்லின். எட்டு வருஷமாகப் பேச்சில்லாத தம்பி.

அந்தப் பேச்சு நின்றதே ஒரு தேர்தலால்தான். எட்டு வருஷம் முன்பு, இதே போல ஒரு காங்கிரஸ் தேர்தல். ஓட்டோ ஹோஃப்லிங்குக்குக் கண்பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டிருந்தது. தபால் ஓட்டுச்சீட்டு வந்தது. பார்வை இல்லாதவர், தான் நம்பும் ஒருவரை வாசித்துக் குறிக்கச் சொல்லலாம். டார்லிஸ் அவருடைய சமையலறை மேசையில் உட்கார்ந்து பெயர்களை வாசித்தாள். ஓட்டோ வாலிப வயதிலிருந்து ஒரே கட்சிக்குப் போட்டவர். எந்தக் கட்சி என்று சொன்னால் கேட்பவர்களில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கதைக்கு அது வேண்டியதும் இல்லை. அன்றைக்கு அவர் மற்றக் கட்சிக்காரனின் பெயரைச் சொன்னார்.

"அப்பா, பேரு மாறிப்போச்சா?"

"எனக்குக் கண்ணுதான் போச்சு, புத்தி போகலை. போடு."

"ஏன்ப்பா?"

"உன்னைக் குறிக்கச் சொன்னேனா, கேள்வி கேக்கச் சொன்னேனா?"

குறித்தாள், அவர் தடவித் தடவிக் கையெழுத்துப் போட்டார், தபாலில் போனது. அந்த வாரமே ஓட்டோவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரி நடைவழியில், அழுது அழுது சலித்துப்போன ஒரு நேரத்தில், தம்பியைக் கொஞ்சம் சிரிக்கவைக்கலாமே என்று டார்லிஸ் அந்தக் கதையைச் சொன்னாள். வெர்லின் சிரிக்கவில்லை. "அப்பா அப்படிச் சொல்லவே மாட்டார். நீயா போட்டுட்டே. அவர் கடைசி ஓட்டையும் திருடிட்டே" என்றான். கேட்டுத் தெரிந்துகொள்ள அப்பாவுக்கு வாய் இல்லை. முதல் பனி விழுவதற்குள் அவரே இல்லை. அடக்கத்தில் இரண்டு பேரும் கல்லறையின் இரண்டு பக்கம் நின்றார்கள். வெர்லின் மனைவி லூவானோடு வடமேற்கே போய், ஒரு கூட்டுறவுத் தானியக் கிடங்கில் லாரிகளை எடைபோடும் வேலையில் சேர்ந்தான். இரண்டு கிறிஸ்துமஸுக்கு டார்லிஸ் கூப்பிட்டாள். இரண்டு தரமும் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான். பிறகு எண்ணையே மாற்றிவிட்டான்.

தெரிந்தவர் வந்தால் மன்னிப்புக் கேட்டு நிறுத்திவிட வேண்டும் என்பது மையத்தின் விதி. நிறுத்தினால் வைத்துவிடுவான். டார்லிஸ் அடுத்த வரியை வாசித்தாள்.

"நாடு சரியான திசையில போகுதா, தப்பான திசையில போகுதா, சார்?"

"எந்தத் திசையில போனாலும் ரோட்டைத் தோண்டி வெச்சிருக்காங்க."

"சரியான திசையா, தப்பான திசையா, சார்?"

"தப்பு."

மூக்கொழுகும்போது இவள் துடைத்துவிட்ட பயலை 'சார்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கே தேர்தல் என்றால் காங்கிரஸுக்கு யாருக்குப் போடுவீர்கள் என்று இரண்டு பெயரையும் வாசித்தாள். இன்னும் முடிவு செய்யவில்லை என்றான். வெர்லினா முடிவு செய்யாதவன்? பள்ளிக்கூடச் சாப்பாட்டுத் தட்டில் எதை முதலில் தின்பது என்பதைக்கூட முந்தின நாளே முடிவு செய்பவன் ஆயிற்றே!

"இந்தத் தேர்தல்ல உங்களுக்கு எவ்வளவு அக்கறை இருக்கு? ரொம்பவா, ஓரளவா, கொஞ்சமா, இல்லவே இல்லையா?"

"ம்… இருக்கு…" ஏதோ முணுமுணுத்தான்.

"ரொம்பவா, ஓரளவா, சார்?"

"உங்களுக்கு எது தோணுதோ அதைப் போட்டுக்கங்களேன்."

"நானா போட முடியாது, சார். நீங்கதான் சொல்லணும்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு பூனை கத்தியது. வைத்துவிடுவானோ என்று பயந்தாள்.

"ஓரளவு."

"ஓரளவுன்னு குறிச்சுக்கட்டுமா?"

"குறிச்சுக்கங்க."

வரி, மருத்துவம், சோள விலை என்று கேள்விகள் போயின. கடைசியில் ஆளைப் பற்றிய கேள்விகள். கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா, துணையை இழந்தவரா, விவாகரத்தா, பிரிந்திருப்பவரா?

"பிரிஞ்சிருக்கோம். ஆகஸ்ட்லேர்ந்து."

திரையில் சரியான கட்டம் எது என்று தேட அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "வீட்டுல உங்களையும் சேத்து எத்தனை பேர்?"

"நான் ஒருத்தன். பூனையைச் சேத்துக்கலாமா?"

"பதினெட்டு வயசுக்கு மேல உள்ளவங்க மட்டும், சார்."

"பூனைக்கு வயசு தெரியாதே."

"அப்ப ஒண்ணுன்னு போட்டுக்கறேன், சார். இத்தோட கேள்விகள் முடிஞ்சுது. உங்க நேரத்துக்கு நன்றி."

"நல்லா வாசிக்கறீங்கம்மா" என்றான் வெர்லின். வைத்துவிட்டான்.

டார்லிஸ் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு மேற்பார்வையாளர் லூபே ஆரோயோவிடம் போனாள். லூபே இவளைவிடப் பதினைந்து வயது சின்னவள். இறைச்சி ஆலை வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண். விதி என்றால் விதிதான் அவளுக்கு.

"லூபே, அந்த ஆளை அழிச்சுடு. அவன் என் தம்பி."

"எந்த இடத்துல தெரிஞ்சுது?"

"'சொல்லுங்க'ன்னு சொன்ன இடத்துல."

"அது ஆரம்பமாச்சே! அப்பவே நிறுத்தியிருக்கணும் இல்ல?"

"இருக்கணும்."

லூபே பதிவை அழித்தாள். டார்லிஸின் பெயரில் ஒரு எச்சரிக்கை எழுதினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "இங்க கேட்டது எதுவும் உங்களுக்குத் தெரியாது. அவர் என்ன சொன்னாரோ, வீட்டுல எப்படி இருக்காரோ, ஒண்ணும் தெரியாது. அந்த எண்ணும் தெரியாது. சரியா?"

"சரி."

"எங்க அண்ணனா இருந்தா நான் நிறுத்தியிருப்பேனான்னு கேக்காதீங்க."

"கேக்கலை" என்றாள் டார்லிஸ். வாழ்க்கையில் அவள் கேட்காமல் விட்ட கேள்விகள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

அடுத்த நாட்கள் பெரும்பாடு. ஆகஸ்டிலிருந்து என்றால் சண்டையா, வேறு யாராவதா, போனது அவளா, விரட்டியது இவனா? முடிவு செய்யவில்லை என்றானே, ஓட்டைப் பற்றியா, எல்லாவற்றைப் பற்றியுமா? வாய்விட்டுக் கேட்க ஆள் இல்லை. பன்றி இறைச்சி வறுத்து கேலன் தட்டில் வைத்தவள், "உங்க தம்பிக்காரன் ஒருத்தன் தனியா இருந்தா என்ன சாப்பிடுவான்?" என்று கேட்டாள்.

"எனக்குத் தம்பியே கிடையாது, டார்லிஸ்."

"ஒரு பேச்சுக்கு."

"ஒரு பேச்சுக்கு இருக்கற தம்பி ஒரு பேச்சுக்கு எதையாவது சாப்பிடுவான். என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் ஆகலை."

கேள்வி கேட்பவளுக்குப் பொய் சொல்ல வராது. கேலன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உருளைக்கிழங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலை மழை. மாநிலம் முழுவதும் அறுவடை நின்றிருந்தது. சமையலறைச் சுவரில் இருந்த பழைய போன் அடித்தது.

"ஜாய்ஸ் அம்மா இருக்காங்களா?"

டார்லிஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நீங்க யாரு?"

"ஒரு சின்னக் கருத்துக்கணிப்பு. எதையும் விக்கறதுக்காகக் கூப்பிடலை." இரண்டு தரம் செருமினான். "முதல் கேள்வி. உங்க தம்பி மேல உங்களுக்கு எவ்வளவு கோபம்? ரொம்பவா, ஓரளவா, கொஞ்சமா, இல்லவே இல்லையா?"

"இன்னொரு தடவை வாசிங்க, சார்."

வாசித்தான்.

"ஓரளவு" என்றாள்.

"ஓரளவுன்னு குறிச்சுக்கறேன். ரெண்டாவது. அன்னிக்கு என் குரல் தெரிஞ்சுதா?"

"'சொல்லுங்க'ன்னப்பவே தெரிஞ்சுபோச்சு."

"எனக்கு நீ வணக்கம் சொன்னப்பவே தெரியும். ஜாய்ஸாம் ஜாய்ஸ்! அந்தக் குரலை மாத்தறதுக்கு உனக்கு வேற தொண்டைதான் வெக்கணும்."

"அப்புறம் ஏன்டா வெச்சுடலை?"

"கேள்வி கேக்கறவன் நான். நீ பதில் மட்டும் சொல்லு." கூடவே மழைச் சத்தம் கேட்டது, அவன் பக்கத்து மழையா இவள் பக்கத்து மழையா என்று தெரியவில்லை. "மூணாவது. அப்பா சொன்னதைத்தான் குறிச்சியா?"

"அப்பா சொன்னதைத்தான் குறிச்சேன், வெர்லின்."

"எட்டு வருஷமா நீ வேற மாதிரிப் பண்ணியிருப்பேன்னே நெனச்சேன். சின்ன வயசுல எனக்கு எந்தச் சட்டைன்னுகூட நீதானே முடிவு பண்ணுவே! அன்னிக்கு நான் வேணும்னேதான் முணுமுணுத்தேன். நீ என்ன பண்றேன்னு பாக்கலாம்னு. உன்னையே போட்டுக்கச் சொன்னேன். எழுந்து வந்து உலுக்கியிருந்தாலும் நீ போட்டிருக்க மாட்டே." "அப்பாகிட்டயும் இப்படித்தான் கேட்டிருப்பே. பேரு மாறிப்போச்சான்னு."

"அப்படியே கேட்டேன்."

"அந்த வார்த்தையையா?"

"அந்த வார்த்தையைத்தான்."

"அதுக்கு என்ன சொன்னார்? இன்னொரு தடவை சொல்லு."

"கண்ணுதான் போச்சு, புத்தி போகலைன்னார்."

வெர்லின் சிரிப்பது போல ஒரு சத்தம் செய்தான். அது சிரிப்பில்லை என்று டார்லிஸுக்குத் தெரிந்தது. மூக்கைச் சிந்தும்வரை பொறுத்திருந்தாள்.

மறுநாள் ஞாயிறு, வெர்லின் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். ஈர வயல்களுக்கு நடுவே கேலன் லாரிக்காரன் வேகத்தில் மேற்கே ஓட்டினான். வெர்லினின் வீடு ஊருக்கு வெளியே, தானியக் கிடங்கின் பெரிய உருளைகள் தெரியும் தூரத்தில் இருந்தது. வாசல் புல்லில் இரண்டு தேர்தல் பலகைகள் நட்டிருந்தன. ஒன்று ஒரு கட்சி வேட்பாளருக்கு, மற்றது அவனை எதிர்த்து நிற்பவளுக்கு. இரண்டாவதைச் சுற்றிப் புல் நீளமாக வளர்ந்திருந்தது. வெட்டும் இயந்திரம் அதைச் சுற்றிப் போயிருக்கிறது.

"இந்த ரெண்டாவது யாரோடது?" வண்டியிலிருந்து கால் கீழே வைக்கும் முன்பே டார்லிஸ் கேட்டாள்.

"லூவான் நட்டது. அவ நட்டான்னு நான் மத்ததை நட்டேன். அதுலதான் ஆரம்பிச்சுது." வெர்லின் தலை நரைத்திருந்தான், அப்பாவைப் போலவே காதோரம் முதலில். "அப்புறம் அது பலகையைப் பத்தின சண்டையாவே இல்லை. இப்ப அவ தன் தங்கச்சி வீட்டுல இருக்கா. அதான் உனக்குத் தெரியுமே."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. விதிப்படி."

"பிடுங்கிப் போட்டுட வேண்டியதுதானே?" என்றான் கேலன்.

"அவ நட்டது. அவ பிடுங்கட்டும்."

"வந்து பிடுங்குவாளா?" என்றாள் டார்லிஸ்.

"தெரியலை, அக்கா."

'அக்கா' என்ற சொல்லைக் கேட்டு அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல், தான் செய்து கொண்டுவந்த இனிப்புத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் சில்லி என்ற இறைச்சி பீன்ஸ் குழம்பு செய்து, கூடவே இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோல் வைத்திருந்தான், பள்ளிக்கூடத்தில் போடுவது போல. பீன்ஸ் வேகவில்லை. மூன்று பேரும் கடித்துத் தின்றார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. அப்பா குறிக்கச் சொன்னது நிஜம் என்றால், ஏன் சொன்னார்? எட்டு வருஷமாக ஒருத்தி அதை வெளியே கேட்க முடியாமல் இருந்தாள். மற்றவன் அப்படி ஒரு கேள்வி இருப்பதையே ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது இருவரும் மேசையின் இரண்டு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"ஊர்த் தபால் ஆபீஸை மூடினாங்களே, அதுக்கா இருக்கும்" என்றான் வெர்லின். "அதுக்காக ரெண்டு தரம் நம்ம தொகுதி காங்கிரஸ் மெம்பருக்கு எழுதினார். பதில் வரலை."

"எனக்கென்னவோ அந்த இன்னொருத்தன் சந்தைக் கொட்டகைக்கு வந்ததுதான்னு தோணுது. அப்பாவைப் பன்னி விலை என்னன்னு கேட்டானாம். அவர் சொல்லி முடிக்கறவரைக்கும் நின்னு கேட்டானாம்."

"அப்பா சொல்லி முடிக்கறவரைக்குமா? அப்ப அவனுக்கு ரெண்டு ஓட்டாப் போட்டிருக்கணும்."

"ஒருவேளை," என்றான் கேலன், இனிப்பில் நாலாவது துண்டை எடுத்தபடி, "ஒரு தரமாவது மாத்திப் போட்டா எப்படி இருக்கும்னு பாத்திருப்பார்."

அக்காவும் தம்பியும் ஒன்றாக அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். இருட்டுவதற்குள் இன்னும் ஐந்தாறு காரணம் கண்டுபிடித்தார்கள். எதுவும் உறுதியாகவில்லை. டார்லிஸுக்கு அதில் வருத்தமே இல்லை.

நவம்பரில் தேர்தல் நடந்தது. நான்காவதில் எல்லோரும் எதிர்பார்த்தவரே வந்தார். இரண்டாவதில் மறுபடி எண்ணித்தான் முடிவு தெரிந்தது. மையத்தின் கணிப்பு மூன்று தொகுதியில் சரியாகவும் ஒன்றில் தப்பாகவும் போக, லூபே ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. வெர்லின் யாருக்குப் போட்டான் என்று டார்லிஸ் கேட்டாள். "அதுக்குத்தான் திரை போட்டு மறைக்கறாங்க" என்றுவிட்டான்.

நன்றி கூறும் நாள் விருந்துக்கு அவன் பெல்ரோஸுக்குத் தனியாக வந்தான். ஒரு பெரிய பன்றித்தொடையும், பெட்ரோல் பங்கில் வாங்கிய, 'பை' என்ற பூசணி இனிப்பும் கொண்டுவந்தான். சோளத்தில் எரிபொருள் எடுப்பது நல்லதா கெட்டதா என்று அவனும் கேலனும் சாப்பாட்டு மேசையில் குரலை உயர்த்திக்கொண்டார்கள். நடுவில் அவன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவன் முகம் சிவந்து, கோட்டைக்கூடப் போடாமல் வாசல் குளிருக்குப் போய்விட்டான்.

டார்லிஸ் குழம்புக் கரண்டியோடு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள்.

"உக்காரு, டார்லிஸ்" என்றான் கேலன்.

"லூவானான்னு மட்டும் பாத்துட்டு வர்றேன்."

"போன்ல முகமா தெரியும்?"

"அவன் முகம் தெரியுமில்ல" என்றாள் டார்லிஸ், திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கியபடி.